நிற்காத பெட்டி

மூலக்குளம்
27-10-2025

அஞ்சலாட்சிக்கு,

நீ செய்தது தவறு. எது தவறு என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு மாறக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம், உன் வீட்டுக்காரர் கன்னியப்பனின் மூச்சு மெஷினுக்காக நான் என் கையால் செய்து கொடுத்த பேட்டரிப் பெட்டியை, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக் கொண்டுபோய் வாசலில் வைத்தாய். எதிர் வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை முறத்தால் அள்ளி அதன் மேல் போட்டு மூடினாய். தெருவே நின்று பார்த்தது. “எங்க அண்ணன் எமனச் செஞ்சு அனுப்பிச்சிருக்கு” என்று நீ சொன்னதை மீன்காரக் கொளஞ்சி ஒரு எழுத்து விடாமல் என்னிடம் வந்து சொன்னாள்.

இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். போனிலும் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும். கரண்ட் போனால் மச்சானின் மூச்சு அதில்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பேசுவது வேறு, எழுதுவது வேறு. கொளஞ்சி உன் தெருவில் விற்றுவிட்டுத்தான் ரெட்டியார்பாளையத்தை விட்டு இங்கே வருகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்பு.

பெட்டியை நான் எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். போன வருஷப் புயலில் கரண்ட் வராமல் மச்சான் மூச்சுத் திணறி உட்கார்ந்தபடியே இருந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆரம்பித்தேன். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து நல்ல செல்களை எடுத்து, மூன்று வரிசையாகக் கோத்தேன். லேப்டாப் அடாப்டரின் கரண்டை இறக்கிச் சரியாகப் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்டில் நிறுத்தும் சர்க்யூட்டை நானே கட்டினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஞ்சாலையில் ஃபிட்டருக்குக் கையாளாகப் போனவன் நான். கரண்ட் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். உன் மருமகன் அருள்முருகன் டிப்ளமோ படித்தவர். அவர் ஒரு பெட்டி செய்து கொடுத்தாரா?

சார்ஜ் ஏறும்போது பெட்டி கொஞ்சம் சுடும். அது இயல்பு. அதற்குப் பயந்து ஊரைக் கூட்டியது உன் தவறு.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: என்ன வாசனை வந்தது? புகை வந்ததா? சிவப்பு விளக்கு எரிந்ததா, பச்சையா? எந்தப் பக்கம் அதிகமாகச் சுட்டது? அதற்கு முன்னால் கரண்ட் போயிருந்ததா? யாராவது திறந்தார்களா? பார்த்ததை மட்டும் எழுது. நினைத்ததை எழுதாதே.

முருகையன்


ரெட்டியார்பாளையம்
29-10-2025

அண்ணனுக்கு அஞ்சலாட்சி எழுதுவது.

நீ கேட்டிருந்ததைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. நன்றாகத்தான் இருக்கிறார். பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு எவ்வளவு நன்றாக இருக்குமோ அவ்வளவு.

பார்த்ததை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

அன்று காலையில் வெகு நேரம் கரண்ட் இல்லை. பெட்டியில்தான் மெஷின் ஓடியது. கரண்ட் வந்ததும் பெட்டியை சார்ஜில் போட்டேன். சாப்பிட்டுவிட்டு அவர் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நெயில் பாலிஷ் வாசனை வந்தது. படுக்கிற இடத்தில் என்னடி இது என்று அவளைத் திட்டினேன். நான் போடலம்மா என்றாள். அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பெட்டியின் வலது பக்கம், வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி மாதிரி வளைந்திருந்தது. கை வைக்க முடியவில்லை. புகை இல்லை. விளக்கு பச்சை. பச்சையேதான், அண்ணா. எல்லாம் சரி என்று சொல்லுமே, அந்தப் பச்சை.

அருள்முருகனுக்குப் போன் போட்டேன். தண்ணி ஊத்தாதீங்க, பிளக்கைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய் மணலைப் போடுங்க என்றார். போட்டேன். சாக்குத் துணியில் பிடித்துத் தூக்கியும் உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்தப் பெட்டி அவருடைய தலைமாட்டுக்கு நேர் கீழே இருந்தது என்பதை நீ கொஞ்சம் நினைத்துப் பார்.

எமன் என்று சொன்னேன். பயத்தில் சொன்னேன். சொல்லவே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். நானும் அதே வீட்டில் பிறந்தவள்தான்.

பெட்டி இப்போது பின்கட்டில், மணல் தொட்டியில் இருக்கிறது. மேலே ஓடு போட்டிருக்கிறேன், மழை படாது. யாரும் திறக்கவில்லை. கடைப் பெட்டி ஒன்றுக்கு அருள்முருகன் சொல்லி வைத்திருக்கிறார், இன்னும் வரவில்லை. வானம் கருத்துக்கொண்டு இருக்கிறது. உன் மச்சான் தினமும் கேட்கிறார், “ஒங்க அண்ணன் பொட்டி எப்ப வரும்?” என்று. எமன் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

அஞ்சலாட்சி


மூலக்குளம்
30-10-2025

அஞ்சலாட்சிக்கு,

பச்சை விளக்கு எரிந்தது என்று நீயே எழுதிவிட்டாய். பச்சை என்றால் பன்னிரண்டு புள்ளி ஆறு வந்துவிட்டது, சார்ஜர் நிறுத்திவிட்டது என்று பொருள். என் சர்க்யூட் தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்படியானால் கோளாறு வேறு இடத்தில். கட்டிலுக்கு அடியில் காற்று இல்லாமல், பழைய துணி மூட்டைகளுக்கு நடுவே வைத்தது யார்? நான் ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். அண்ணி வேம்புவும் கூட இருந்து கேட்டாள். அவளைக் கேள்.

கொளஞ்சியின் கூடையில், மீனுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி என் மீட்டரை அனுப்பியிருக்கிறேன். அவள், “அண்ணே, கவருமெண்டு போஸ்ட்டாபீசுல கூட நாத்தம் இல்லாத எடத்துலதான் தபால வெப்பாங்க” என்கிறாள். துடைத்துவிட்டு எடு.

பகல் வெளிச்சத்தில், வெளியே வைத்து, மூடியின் நான்கு திருகுகளையும் கழற்று. வளையலையும் மோதிரத்தையும் முதலில் கழற்றிவிடு. உள்ளே மூன்று வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையின் ஒரு முனையில் சிவப்புக் கம்பி, மறு முனையில் கறுப்புக் கம்பி. மீட்டரின் குமிழை நான் பேனாவால் குறி போட்டிருக்கும் இடத்துக்குத் திருப்பிக்கொண்டு, அதன் இரண்டு முனைகளையும் அந்த இரண்டு கம்பிகளில் வை. வரிசை வரிசையாக எண்ணைப் பார்த்து எழுது. ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் தொடு. கம்பிகள் ஒன்றோடொன்று படக் கூடாது. பெட்டி சூடாக இருந்தால் தொடாதே, மூடிவிடு. கீழே பெட்டியின் படம் போட்டிருக்கிறேன். மூன்று வரிசை, சார்ஜர், அதோடு ஒரு சின்னப் பச்சை போர்டு. அந்த போர்டு காவல். எந்த வரிசையாவது அளவுக்கு மேல் நிரம்பினாலும், அளவுக்குக் கீழே காய்ந்தாலும் அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

மூன்று எண்ணும் ஒன்றாகத்தான் வரும். வந்தால் நீ தெருவில் சொன்னதைத் தெருவிலேயே நின்று திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

மச்சானுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

முருகையன்


ரெட்டியார்பாளையம்
2-11-2025

அண்ணனுக்கு,

இன்று ஞாயிறு. அருள்முருகன் வீட்டில் இருந்தார். நான் தொடுவதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. நானே எடுக்கிறேன் என்று வந்தார். எங்க அண்ணன் என்னைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கு, நீங்க பக்கத்துல மணல் வாளியோட நில்லுங்க என்றேன். நின்றார். பூர்ணிமா என் மூக்கில் துண்டைக் கட்டிவிட்டாள். உன் மச்சான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பாத்து அஞ்சல, அது ஒங்க அண்ணன் கை பட்டது, தொட்டா சுடும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து, பூர்ணிமா உள்ளே ஓட வேண்டியதாயிற்று. இருமல் எப்படி என்று கேட்டாயே, இப்படித்தான்.

முதல் வரிசை: நாலு புள்ளி பூஜ்யம் எட்டு. இரண்டாவது: நாலு புள்ளி ஒன்று. மூன்றாவது: நாலு புள்ளி மூன்று ஒன்பது. மூன்றாவதை மூன்று தடவை பார்த்தேன். அதுதான் பெட்டி வளைந்த பக்கம். அந்த வரிசையில் செல்களின் உறை உருகி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. முனையில் பிசுபிசுப்பாக ஏதோ கசிந்திருக்கிறது. மற்ற இரண்டு வரிசைகளும் நீல உறை. அது மட்டும் பச்சை உறை.

மூன்றையும் கூட்டினேன். பன்னிரண்டு புள்ளி ஐந்து ஏழு வருகிறது. உன் கணக்குச் சரிதான். மொத்தத்தில் யாருக்கும் குறை இல்லை. பங்கில்தான் ஒருத்தருக்கு வயிறு வெடிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

இன்னொன்று. நீ போட்ட படத்தையும் பெட்டியையும் வைத்துப் பார்த்தேன். அந்தக் காவல் போர்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, கெட்டியான செம்புக் கம்பி ஒன்று வளைத்துப் பற்ற வைத்திருக்கிறது. படத்தில் அது இல்லை. அருள்முருகன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அதைப் பார்த்தார். “இந்தக் கம்பி இருந்தா அந்த போர்டு இருந்தும் இல்லாத மாதிரிதான் அத்தை. அது நிறுத்தினாலும் கரண்ட் இந்த வழியா சுத்திப் போயிடும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கம்பியை யார் வைத்தது, அண்ணா?

அஞ்சலாட்சி


மூலக்குளம்
4-11-2025

அஞ்சலாட்சிக்கு,

நான்தான் வைத்தேன். வேறு யார் வைப்பார்கள்?

ஏன் வைத்தேன் என்பதையும் கேட்டுக்கொள். சித்திரையில் கரண்ட் போனபோது பெட்டி பாதியில் நின்றது. அடுத்த முறையும் நின்றது. அதற்கடுத்த முறையும். நீ போன் செய்து என்ன சொன்னாய்? “நடுவுல நின்னு போற பொட்டிய குடுத்துட்டு பெரிய இன்ஜினீரு மாதிரி பேசாதண்ணா. மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறாரு” என்றாய். அண்ணி பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து பெட்டியை எடுத்துப் போனேன்.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. மச்சானுக்கும் தெரியும், கேட்டுப் பார். ஓட்டம் நிற்கக் கூடாது. பீஸ் போனால் போட வேண்டும், மறுபடி போனால் மறுபடி போட வேண்டும். திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தால் மேஸ்திரி வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் பீஸ் கட்டையில் கெட்டிக் கம்பியைப் போட்டு இறுக்கிவிடுவோம். ஷிப்ட் முடியும்வரை ஓடும். ஏன் போனது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. நிறுத்தியவன் பதில் சொல்ல வேண்டும். ஓட்டியவனை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

நீயும் எனக்கு அப்படித்தான் வந்து நின்றாய். போர்டு கோளாறு, சும்மா சும்மா நிறுத்துகிறது என்று முடிவு செய்தேன். கம்பியைப் போட்டேன். இனிமேல் நிற்காது என்று சொல்லிக் கொடுத்தேன். நின்றதா? அதற்குப் பிறகு ஒரு நாளாவது நின்றதா? நீ கேட்டது நிற்காத பெட்டி. கொடுத்தேன். உன் வாய் சும்மா இருந்திருந்தால் அந்தக் கம்பிக்கு வேலையே இருந்திருக்காது.

போர்டுதான் கோளாறு என்று இப்போதும் சொல்கிறேன். அதே மூட்டையில் வாங்கிய பச்சை உறை செல்கள் சில என்னிடம் மிச்சம் இருக்கின்றன. சோதித்துக் காட்டுகிறேன். பார்க்கலாம்.

முருகையன்


ரெட்டியார்பாளையம்
14-11-2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கொளஞ்சி தினமும் கூடையை இறக்கும்போது, “இன்னிக்கி தபாலு இல்லியா?” என்று கேட்டாள். மீன் மட்டும் வாங்கினேன்.

நேற்று எழுத வைத்துவிட்டது. விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் கரண்ட் போனது, டிரான்ஸ்பார்மர் பக்கம் மரம் சாய்ந்துவிட்டது, சாயங்காலம் ஆகும் என்றார்கள். கடைப் பெட்டி இன்னும் வரவில்லை. உன் பெட்டி மணல் தொட்டியில். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். உதடு நிறம் மாறுவதைப் பார்த்தேன், அண்ணா. முன்னே புயலில் பார்த்தேனே, அதே நிறம்.

அருள்முருகன் வேலைக்குப் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். காரை வாசல்வரை பின்னால் எடுத்து வந்தார். தண்ணீர் பாதிச் சக்கரம்வரை நின்றது. உன் மச்சானை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். மெஷினை என் மடியில் வைத்துக்கொண்டு, போனுக்கு சார்ஜ் போடுகிற ஓட்டையில் வயரைச் செருகினோம். நீ உன் பெட்டியிலும் காரில் இருக்கிற மாதிரியே ஓட்டை வைத்திருந்தாய் அல்லவா, அதனால் எனக்கு அந்த வயர் பழக்கம். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

வண்டி ஓடிக்கொண்டே நின்றது. எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. மாஸ்க்கை லேசாகத் தூக்கி, “எங்க போறோம்?” என்றார். எங்கயும் போகல, சும்மா ஒக்காருங்க என்றேன். “கார்ல ஏத்திட்டு கடற்கர வரைக்கும் கூட கூட்டிட்டுப் போகாத குடும்பம்” என்றார். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். கரண்ட் வரும்வரை அப்படியே இருந்தோம்.

அந்த நேரம் முழுவதும் உன் கடிதம்தான் மனதில் ஓடியது. நிற்காத பெட்டியைக் கேட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் அப்படிக் கேட்கவில்லை. நின்றுபோனது என்று சொன்னேன். எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்ததற்குக் காரணம் பெட்டி நின்றது இல்லை. சொல்லாமல் நின்றது. நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்தபோது மெஷின் அடங்கிப் போயிருந்தது, அவர் மாஸ்க்கோடு திணறிக்கொண்டிருந்தார். எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாது. நிற்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்கிற பெட்டியாக இருந்தால் போதும். நான் அவரை எழுப்பி உட்கார வைத்திருப்பேன். மருமகனைக் கூப்பிட்டிருப்பேன். நேற்று மாதிரி காரில் ஏற்றியிருப்பேன். எனக்குக் கொஞ்சம் அவகாசம்தான் வேண்டியிருந்தது.

நீ என்னைக் கேட்டிருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு கோபமாக வாசலைத் தாண்டினாயே, அப்போது, உனக்கு என்னதான் வேணும் அஞ்சல என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அஞ்சலாட்சி


மூலக்குளம்
18-11-2025

அஞ்சலாட்சிக்கு,

பச்சை உறை செல்களைச் சோதித்துவிட்டேன். நிரப்பும்போது நீலத்துக்கு ஆகும் நேரத்தில் பாதியிலேயே நிரம்பிவிடுகின்றன. கொடுக்கும்போதும் பாதியிலேயே காய்ந்துவிடுகின்றன. வெறுமனே மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வோல்ட்தான். அதைப் பார்த்துத்தான் சேர்த்துக் கோத்தேன். நீலம் போதவில்லை என்று பச்சையைப் போட்டேன்.

கரண்ட் போனபோதெல்லாம் பச்சை வரிசை முதலில் காய்ந்தது. போர்டு அதைக் கண்டுபிடித்து நிறுத்தியது. நான் கம்பியைப் போட்ட பிறகு அது காய்ந்த பின்னும் கறந்தது பெட்டி. திரும்பச் சார்ஜ் ஏறும்போது அதுதான் முதலில் நிரம்பியது. சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்க்கும், மொத்தம் வருகிறவரை அதற்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க வேண்டிய போர்டின் கையைக் கட்டிப் போட்டவன் நான். போர்டு நின்ற ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் நின்றது. கட்டிலுக்கு அடியில் வைத்ததால் இல்லை, துணி மூட்டையால் இல்லை, உன் வாயால் இல்லை. இதை எழுதிவிட்டேன். வாயால் சொல்லச் சொல்லாதே.

எமன் என்று நீ சொன்னதைத் தெருவில் நின்று திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் மண்ணை அள்ளிப் போட்டதும் சரி. ஆனாலும் அண்ணன் என்று பெயர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இருக்கும்.

இனி ஆக வேண்டியது.

அந்தப் பழைய பெட்டியை யாரும் தொடக் கூடாது. ஞாயிறு காலையில் நான் வருகிறேன். அந்தக் கம்பியை வெட்ட வேண்டியது நான். வரிசைகளைப் பிரித்து, கசிந்த செல்களை உப்புத் தண்ணீரில் போட்டு வெளியே வைத்து, அடங்கிய பிறகு குப்பையில் போடாமல் பேட்டரிக் கழிவு எடுக்கும் இடத்தில் முறையாகச் சேர்க்க வேண்டியதும் நான். காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதே.

புதுச் செல்கள், எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வகை, டவுனில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நிரப்பிக் காய வைத்து அளந்து கோப்பது என் வேலை. கோத்து முடித்ததும் மூடியைப் போட மாட்டேன். அருள்முருகன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் அவர் கையால் அளக்க வேண்டும். சரியில்லை என்று அவர் சொன்னால் நான் பிரிக்க வேண்டும். என்னிடம் வாக்குவாதம் செய்ய அவர் தயங்குவார், தயங்க வேண்டாம் என்று நீ சொல்லி வை. மூடியைத் திருக வேண்டியது அவர்.

பஸ்ஸர் ஒன்று வைக்கிறேன். போர்டு நிறுத்துவதற்கு முன்னால், இன்னும் அரை மணி நேரம் ஓடும் அளவு மீதி இருக்கும்போதே, அது கத்த வேண்டும். எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை அடுப்படியில் நின்று நீ கேட்டுச் சொல்ல வேண்டும். குக்கர் விசில் அடிக்கும்போதும் கேட்க வேண்டும். உனக்குக் கேட்கவில்லை என்றால் வேறு வைக்கிறேன்.

கடைப் பெட்டி வந்துவிட்டால் அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். எதுவானாலும் கட்டிலுக்கு அடியில் வேண்டாம். ஜன்னலோரச் சுவரில் கல் பலகை பதிக்கக் கொத்தனாரை பூர்ணிமா கூப்பிட வேண்டும். மழைக்காலம் முடியும்வரை அருள்முருகன் காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது, வாசலை அடைத்து யார் வண்டியையும் நிறுத்த விடக் கூடாது.

பஸ்ஸர் கத்தினால், பூர்ணிமா கார்ச் சாவியை எடுக்க வேண்டும். அருள்முருகன் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அவர் வேலைக்குப் போயிருந்தால் எனக்குச் சொல்ல வேண்டும், ஆட்டோவோடு வந்து சேர வேண்டியது நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து மச்சானின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மச்சான் மூச்சு விட வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதே.

முருகையன்